பிப்ரவரியின் உயரம்

அத்தியாயம் ஆறு

“மேடம், ஒரு சந்தேகம். அந்த டாக்டர் செத்தது பிப்ரவரியில. நாம எதுக்கு ஜூன்ல சாகணும்?”

கேட்டுவிட்டு ஸர்கீஸ் பாதையோரப் பாறையில் தொப்பென்று உட்கார்ந்தான். நூற்றுப் பத்து கிலோ உடம்பு. மலை ஏறத் தொடங்கி முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் கொண்டுவந்த தண்ணீரில் பாதியைக் குடித்து, மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தான்.

வதாத் நிற்கவில்லை. “உட்கார்ந்துகிட்டே சாகாத. நடந்துகிட்டே சாவு,” என்றாள்.

ஐம்பத்திரண்டு வயது வதாத் ஹத்ஷீத்தி, ஜூனியே நகரில் ஒரு மளிகைக் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள். அதற்கு முன்னால் இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்யர்களைப் பிரித்தெடுக்கும் வேலை. ஸர்கீஸ் அவளுடைய உதவியாளன், டிரைவர், அவனே சொல்லிக்கொள்கிறபடி அவளுடைய ஒரே பொழுதுபோக்கு. போன வருடம் ஏப்ரலில் அவள் கணவர் ஹலீம் சாப்பாட்டு மேசையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததிலிருந்து, அவளை ஒரு தடவையாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று ஸர்கீஸ் பாடுபட்டுக்கொண்டிருக்கிறான். பதினான்கு மாதமாயிற்று. அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. உப்புப் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, வைத்ததைச் சாப்பிடுகிறாள். கேஸ் வந்தால் போகிறாள்.

ஸர்கீஸ் முனகிக்கொண்டே எழுந்து பின்னால் வந்தான். “கால் வலிக்கலையா உங்களுக்கு?”

“தெரியல.”

“வலிக்குதா இல்லையான்னே தெரியலையா?”

“எனக்கு இப்ப எதுவும் உறைக்கறதில்ல ஸர்கீஸ். கண்ணு மட்டும் நல்லா தெரியுது. நம்ம வேலைக்கு அது போதும்.”

 ஸர்கீஸ் பையிலிருந்து ஒரு ஆலிவ் காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

கேஸ் பெரிய சிக்கல் இல்லை. பிப்ரவரி பதினொன்றாம் தேதி கஃபர் ஸின்தியான் கிராமத்து மலை வழிகாட்டி ஸிம்ஆன், ஆறு பேரைப் பனியில் நடத்திக்கொண்டு கணவாய்க்குப் போனான். எல்லோர் காலிலும் பனியில் புதையாமல் நடக்க அகலமான பனிச்செருப்பு. வழியில் ஒரு கல் குடிசை. அங்கே பாதை இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் திரும்பி தேவதாருக் காட்டுக்குள் நுழைந்தால் கணவாய். நேரே போனால் செங்குத்துப் பள்ளம். மத்தியானம் மூடுபனி இறங்கிவிட்டது. வரிசையில் கடைசியாக வந்த பல் டாக்டர் நக்லே செருப்பு வாரை இறுக்கிக்கட்ட நின்றார். மற்றவர்கள் வலப்பக்கம் திரும்பினார்கள். அவர் நேரே போனார். மூன்றாம் நாள்தான் பள்ளத்தின் அடியிலிருந்து அவர் உடலை எடுக்க முடிந்தது.

வழியில் ஒரு அடையாளமும் இல்லை, வழிகாட்டியின் அலட்சியம்தான் கொன்றது என்று டாக்டர் குடும்பம் புகார் கொடுத்திருந்தது. இரண்டு நாள் முன்னாலேயே தனியாகப் போய், குடிசையிலிருந்து காட்டுக்குள் வரை மரத்துக்கு மரம் சிவப்பு நாடா கட்டிவிட்டு வந்தேன் என்றான் ஸிம்ஆன். கூடப் போன ஐந்து பேரையும் விசாரித்தார்கள். நாடா இருந்தது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குடிசையில் நின்றபோது மரங்களை யாரும் கவனிக்கவில்லை, மூடுபனியில் ஐந்து பேரும் பார்த்தது முன்னால் போனவர் முதுகைத்தான். அதற்கப்புறம் பன்னிரண்டு நாள் விடாமல் பனி கொட்டியது. பாதை மூடப்பட்டது. வசந்தத்தில் பனி உருகும்போது பனிச்சரிவு விழும் என்று யாரையும் மேலே விடவில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை நீதிபதி தானே நேரில் வருகிறார். நாடா இருந்தால் அது விபத்து. இல்லாவிட்டால் ஸிம்ஆனின் லைசன்ஸ் போகும், அவனும் சிறைக்குப் போவான்.

வதாத்தை வரவழைத்தது ஸிம்ஆனின் மனைவி ரிந்தலா. கடலோர பத்ரூனில் பிறந்து, எட்டு வருடத்துக்கு முன்னால் கல்யாணமாகி மலைக்கு வந்தவள். நடக்க வருகிறவர்கள் தங்குவதற்கு வீட்டிலேயே நாலு அறை விட்டிருக்கிறார்கள். சமையலும் வரவேற்பும் அவள் பொறுப்பு. அன்று காலை இவர்கள் மலை ஏறுமுன் காபியும், ஸாத்தர் என்ற மூலிகைப்பொடி தடவிய சூடான ரொட்டியும் வைத்துவிட்டு, உட்காராமலே பேசினாள்.

“நாடா இருக்கு மேடம். நீங்க போய் உங்க கண்ணால பாருங்க. ஒன்பது. ஒண்ணொண்ணா எண்ணி எழுதிக்கிடுங்க. நாளைக்கு ஜட்ஜ் வர்றதுக்குள்ள, வெளி ஆள் ஒருத்தங்க பார்த்து எழுதின காகிதம் கையில இருக்கணும்.”

“நீங்க பார்த்தீங்களா?”

“என் புருஷன் பொய் சொல்ல மாட்டார்.”

ஸர்கீஸ் மூன்றாவது ரொட்டிக்குக் கை நீட்டிக்கொண்டே, “இந்த மாதிரி ஒரு சம்சாரம் எனக்கு வாய்க்கலையே. என் வீட்ல நான் தும்மினாகூட ஆதாரம் கேக்கறா,” என்றான். ரிந்தலா சிரிக்கவில்லை. அந்த வீட்டில் யாருமே சிரித்து நாளாகியிருந்த மாதிரி இருந்தது.

ஸிம்ஆன் முற்றத்தில் இருந்தான். ஜூன் வெயிலில் பனிச்செருப்புகளை வரிசையாகப் பரப்பி, வாருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். நாற்பத்தைந்து வயது, நெட்டையான ஆள். ஏற்கெனவே எண்ணெய் போட்ட செருப்பையே மறுபடி எடுத்துத் துடைத்தான். கேள்வி கேட்டால் அரை வார்த்தையில் பதில் வந்தது.

“எத்தனை நாடா கட்டினீங்க?”

“எண்ணல.”

“குத்துமதிப்பா?”

“ஒரு சுருள் எடுத்துட்டுப் போனேன். தீர்ற வரைக்கும் கட்டினேன்.”

“நாளைக்கு ஜட்ஜ் வர்றாரே, பயமா இல்லையா?”

அவன் செருப்பைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தான். “ஒண்ணும் தோணல மேடம்,” என்றான். பொய் சொல்கிறவர்களின் குரலை வதாத் நன்றாக அறிவாள். இது அந்தக் குரல் இல்லை. இது அவளுடைய சொந்தக் குரல் மாதிரியே இருந்தது.

*

பாதை ஒரு ஓடையைத் தாண்டி மேலே திரும்பியது. பாறைகளில் வெள்ளையும் சிவப்புமாகப் பட்டை தீட்டியிருந்தது.

“இதோ இருக்கே அடையாளம்! பாறைக்குப் பாறை பொட்டு வச்சிருக்கான். இதைப் பார்த்து நடந்தா பச்சைக் குழந்தைகூடக் கணவாய்க்குப் போயிடுமே,” என்றான் ஸர்கீஸ்.

“இது கோடைப் பாதை. பனி விழுந்தா பாறையெல்லாம் அடியில போயிடும். அப்ப பாதையே வேற. வேலி, ஓடை, சுவர் எதையும் பார்க்காம மேலயே நடந்து போவாங்க. அதுக்குத்தான் மரத்துல நாடா.”

“வெயிலுக்குக் கல்லு, பனிக்கு மரம். மலைக்குக்கூட ரெண்டு உடுப்பு இருக்கு. எனக்கு இருக்கிறது ஒண்ணு, அதுவும் இப்ப நனைஞ்சு போச்சு.”

அரை மணியில் கல் குடிசை வந்துவிட்டது. மலைச் சரிவைக் குடைந்து கட்டிய பழைய இடையர் குடிசை. பின்பக்கம் கூரை சரிவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முன்பக்கச் சுவர் ஸர்கீஸின் தலைக்கு மேல் இன்னும் ஒரு முழம் உயரம். நேரே ஒரு வழி, பள்ளத்தின் விளிம்பை நோக்கி இறங்கியது. வலப்பக்கம் தேவதாருக்கள் கிளைகளைப் பாய் விரித்த மாதிரி அடுக்கடுக்காகப் பரப்பிக்கொண்டு நின்றன.

முதல் மரத்திலேயே சிவப்பு நாடா. கண்ணைப் பறித்தது.

“ஆஹா!” என்று கத்தினான் ஸர்கீஸ். ஓடிப்போய் அடுத்த மரத்தைப் பார்த்தான், அதற்கடுத்ததைப் பார்த்தான். “ரெண்டு, மூணு… மேடம், எழுதிக்கிடுங்க… ஏழு, எட்டு, ஒன்பது! அந்தம்மா சொன்ன மாதிரியே ஒன்பது! கேஸ் முடிஞ்சுது. ஸிம்ஆன் நல்லவன். கீழ போய்ச் சாப்பிடலாம். திராட்சை இலையில சோறு சுருட்டிக்கிட்டிருந்தாங்க, வரும்போதே பார்த்தேன்.”

வதாத் முதல் நாடாவின் முன்னால் போய் நின்றாள். அவளுடைய நெஞ்சுக்கு நேராக இருந்தது முடிச்சு.

“இங்க வந்து நில்லு,” என்றாள்.

ஸர்கீஸ் நின்றான். நாடா அவன் தொப்புளுக்கு நேராக இருந்தது.

“அளவெடுத்துக் கால்சட்டை தைக்கப் போறீங்களா?”

அவள் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தாள். அன்று கூடப் போன பெண் ஒருத்தி தன் போனில் எடுத்தது. பிப்ரவரி பதினொன்று, மூடுபனி இறங்குவதற்குச் சற்று முன்பு. இதே குடிசையின் கூரை விளிம்பில் ஐந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி வரிசையாக உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஸிம்ஆன் நின்றான். ஐந்து பேரில் கடைசி ஆள் டாக்டர் நக்லே. வாய் நிறைய ரொட்டியோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

“இதை நூறு தடவை பார்த்தாச்சு மேடம்.”

“நூத்தியோராவது தடவை பாரு. அவங்க கால் எங்க இருக்கு?”

“கால்… பனியில ஊன்றியிருக்கு.”

“உட்கார்ந்திருக்கறது எங்க?”

“கூரை மேல.” ஸர்கீஸ் போட்டோவைப் பார்த்தான். தலையைத் தூக்கித் தன் தலைக்கு மேல் நின்ற கூரை விளிம்பைப் பார்த்தான். மறுபடி போட்டோவைப் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

“அய்யய்யோ,” என்றான் மெதுவாக. “பனி கூரைக்கு ஒரு முழங்கால் கீழ வரைக்கும் இருந்திருக்கு. அப்ப இந்த நாடா…”

“ரெண்டு முழம் பனிக்கு அடியில இருந்திருக்கும். பனியைத் தோண்டி உள்ள நாடா கட்டிட்டு மூடிட்டு வர்ற வழிகாட்டியை நான் கேள்விப்பட்டதில்ல.”

“பனி உருகினதுக்கப்புறம் தரையில நின்னு கட்டினது!”

“சாயமும் போகல பாரு. போன வாரமோ அதுக்கு முந்தின வாரமோ கட்டியிருக்கணும்.”

ஸர்கீஸ் அந்த நாடாவைச் செத்த எலியைப் பார்ப்பது போலப் பார்த்தான். “பாவி மனுஷன். செருப்புக்கு எண்ணெய் போட்டுக்கிட்டு, மூஞ்சியைத் தொங்கவிட்டுக்கிட்டு, என்னமா நடிச்சான்! யாருக்குக் காது குத்துறான்? நாளைக்கு ஜட்ஜ் வந்தா முதல் பார்வையில கண்டுபிடிச்சிடுவார். அலட்சியத்துக்கு ஒரு கேஸ், பொய்ச் சாட்சிக்கு ஒரு கேஸ். ஆள் வெளிய வர்றதுக்குள்ள கிழவனாயிடுவான்.”

“ஜட்ஜ் கண்டுபிடிச்சிடுவார். சரி. ஸிம்ஆனுக்கு அது தெரியாதா?”

“என்னது?”

“இருபது குளிர்காலமா இந்தப் பனியில நடக்கிறவன். கூரையில உட்கார்ந்து ரொட்டி தின்னுறவன். அவன் பொய் நாடா கட்டணும்னு நினைச்சா ஏணியைத் தூக்கிட்டு வந்திருப்பான். இப்படித் தரையிலிருந்து நெஞ்சளவுக்குக் கட்டிட்டுப் போகமாட்டான். இது பனிக்காலத்துல இந்த இடத்தைப் பார்த்தே இராத ஆள் செஞ்ச வேலை.”

ஸர்கீஸ் மரங்களைச் சுற்றிப் பார்த்தான். “அப்ப நிஜ நாடா?”

“அதைத்தான் இப்ப பார்க்கப்போறோம். கூரை மேல ஏறு.”

“நானா? கூரை தாங்குமா? அதுக்கு வயசு இருநூறு, எனக்கு எடை நூத்திப்பத்து.”

“பின்பக்கம் சரிவிலிருந்து ஏறு. டாக்டர் உட்கார்ந்திருக்கிற இடத்துல உட்காரு.”

அவன் சுற்றிக்கொண்டு போனான். கற்கள் உருளும் சத்தமும், கன்னி மரியாளைத் துணைக்குக் கூப்பிடும் சத்தமும் கேட்டன. கடைசியில் கூரை விளிம்பில் இரண்டு கால்கள் தொங்கின. செத்துப்போனவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்வது அவனுக்குப் பிடிக்கவில்லை என்பது அவன் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. பாதி உட்கார்ந்தான்.

“உட்கார்ந்துட்டேன். இப்ப என்ன, சிரிக்கணுமா?”

“வலப்பக்கம் மரத்தைப் பாரு. நேரா. கீழயும் வேண்டாம், மேலயும் வேண்டாம். பனி உன் காலடியில இருக்குன்னு நினைச்சுக்கோ.”

 வதாத் கீழிருந்து பார்த்தபோது தேவதாருக் கிளைகளின் பச்சை அடிப்பக்கம்தான் தெரிந்தது. முதல் அடுக்குக் கிளை அவள் தலைக்கு மேலே கூரை போட்ட மாதிரி மறைத்துக்கொண்டிருந்தது.

“மேடம்,” என்றான் ஸர்கீஸ். குரலில் கிண்டல் இல்லை. “இருக்கு.”

“எங்க?”

“கண்ணுக்கு நேரா. கிளைக்கு மேல, தண்டுல சுத்திக் கட்டியிருக்கு. வெளுத்துப்போய் ரோஸ் கலராயிடுச்சு. அதுக்குப் பின்னால இன்னொண்ணு. அதுக்கும் பின்னால ஒண்ணு. மேடம், இங்கிருந்து பார்த்தா ஒரு ரோடே போட்டு வச்ச மாதிரி தெரியுது. எவ்வளவு கவனமா கட்டியிருக்கான் மனுஷன். ஒண்ணை ஒண்ணு மறைக்கல. மூடுபனி இல்லாட்டி இதைக் கண்ணை மூடிக்கிட்டுத்தான் தவறவிடணும். டாக்டருக்குப் பாவம், மூடுபனி.”

சரிவின் மேலே ஏறி நின்று எண்ணியதில் பதினான்கு இருந்தன. ஒவ்வொரு முடிச்சும் காற்றில் நைந்து நாராகியிருந்தது. வதாத் மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் சேர்த்துப் படம் எடுத்தாள். எதையும் தொடவில்லை.

  இறங்கும் வழியில் ஓடையைத் தாண்டியதும் ஸர்கீஸ் கேட்டான்.

“கீழ கட்டினது யாரு மேடம்?”

“ஸிம்ஆன் எத்தனை கட்டினான்?”

“எண்ணலைன்னான்.”

“ஒன்பதுன்னு நமக்குச் சொன்னது யாரு?”

ஸர்கீஸ் நடுப்பாதையில் நின்றுவிட்டான். “நம்மளுக்குக் கூலி கொடுக்கிற அம்மாவேதானா?”

“அவங்க உயரமும் என் உயரமும் ஒண்ணு. கை எங்க வசதியோ அங்கதான் முடிச்சு விழும்.”

*

ரிந்தலா சமையலறையில் திராட்சை இலைகளில் சோற்றைச் சுருட்டிச் சட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மணி இரண்டு. வதாத் போன் திரையை அவள் முன்னால் மேசைமேல் வைத்தாள்.

“ஒன்பது இருந்துச்சு. எண்ணினேன்.”

“சொன்னேனே.”

“நீங்க கட்டினது ஒன்பது. அவர் கட்டினது பதினாலு. அது நீங்க கட்டினதுக்கு மேல, தலைக்கு மேல இருக்கு. பிப்ரவரியில தரை அங்கதான் இருந்துச்சு.”

ரிந்தலாவின் விரல்கள் ஒரு இலையைப் பாதி சுருட்டிய நிலையில் நின்றன. போட்டோவைப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். பச்சைக்கு நடுவே வெளுத்த ரோஸ் நாடா. கீழே, அவள் கட்டின சிவப்பு. முகத்தில் எதுவும் மாறவில்லை. மாறாமலே உட்கார்ந்தாள்.

“ஜூன் மாசம் முதல் ஞாயித்துக்கிழமை போனேன்,” என்றாள். “அவர் கோயிலுக்குப் போயிருந்தார். நானும் கோயிலுக்கு வர்றேன்னு சொல்லிட்டு மலைக்குப் போனேன். ஜட்ஜ் வரப்போறாரே, முதல்ல நான் பார்த்துடலாம்னு. மரம் மரமாத் தேடினேன். ஒண்ணுகூட இல்ல. ரெண்டு மணி நேரம் தேடினேன் மேடம்.”

“மேல பார்க்கலையா?”

“நாடாவை யாரு மேல தேடுவா?” அவள் குரல் ஒரே சீராக இருந்தது. “திரும்பி வந்தேன். சாப்பாடு போட்டேன். எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டார். இந்த ஆள் நாலு மாசமா என்கிட்ட பொய் சொல்லியிருக்கார்னு நினைச்சேன். ஒரு மனுஷன் சாவுக்குக் காரணமாயிட்டு, கட்டினேன் கட்டினேன்னு என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கார்னு. கோபம்கூட வரல. மரத்துப்போச்சு. சரி, இந்தப் பொய்யனோடதான் வாழணும், இவனைக் காப்பாத்தியாகணும்னு தோணுச்சு. மறுநாள் நாடா வாங்கிட்டுப் போய்க் கட்டினேன்.”

ஸர்கீஸ் சமையலறை வாசலில் நின்றிருந்தான். சட்டியின் பக்கம்கூடப் பார்க்கவில்லை.

“இப்ப போய் அவுத்துடறேன்,” என்றாள் ரிந்தலா எழுந்து. “இருட்டறதுக்குள்ள போயிட்டு வந்துடுவேன். அவரோடது மட்டும் இருக்கட்டும். யாருக்கும் தெரியவேண்டாம்.”

“எனக்குத் தெரியுமே,” என்றாள் வதாத். “நான் படம் எடுத்திருக்கேன். எழுதித் தரச்சொல்லி நீங்கதான் கூப்பிட்டீங்க. ரெண்டையும்தான் எழுதுவேன். கீழ இருந்ததை மறைச்சா, மேல இருக்கிறதும் பொய்யாயிடும். நாளைக்கு டாக்டர் வீட்டு வக்கீல் ஏணி வச்சுக் கட்டினதுன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க? கட்டினது யாரு, ஏன் கட்டினாங்கன்னு சேர்த்துச் சொன்னாத்தான் நிஜம் நிக்கும்.”

“எழுதுங்க. ஜட்ஜ் என்னை என்ன பண்ணாலும் பண்ணட்டும். ஸிம்ஆனுக்கு மட்டும் சொல்லாதீங்க. நான் நம்பலைன்னு அவருக்குத் தெரியக்கூடாது. அது ஒண்ணு மட்டும்.”

“எனக்குத் தெரியும்,” என்றது ஒரு குரல்.

முற்றத்துப் பக்கக் கதவில் ஸிம்ஆன் நின்றிருந்தான். கையில் எண்ணெய்த் துணி. எவ்வளவு நேரமாக நின்றான் என்று யாருக்கும் தெரியவில்லை.

“போன வாரம் மேல போனேன்,” என்றான் அவன். வதாத்தைப் பார்த்துத்தான் பேசினான், மனைவியைப் பார்க்கவில்லை. “என் நாடா நின்னிருக்கான்னு பார்க்கப் போனேன். நின்னிருந்துச்சு. கீழ பார்த்தேன். வேற நாடா. அந்த உயரத்துல கட்டணும்னா பனியில நடக்காத ஆளாத்தான் இருக்கணும். எனக்காகக் கட்டணும்னா…” நிறுத்திவிட்டு, துணியை மடித்தான். “எனக்காகக் கட்ட வேற யாரு இருக்கா?”

“ஏன் சொல்லல?” என்றாள் ரிந்தலா. “ஜட்ஜ் பார்த்தா உங்களை உள்ள போடுவார்னு தெரியும்ல. வக்கீல்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீ மாட்டிப்ப. அவுத்தா, நான் பார்த்துட்டேன்னு உனக்குத் தெரிஞ்சுடும். நீ என்னை நம்பலைங்கறது எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரிஞ்சுடும்.” இப்போதுதான் அவளைப் பார்த்தான். “அதுக்கப்புறம் இந்த வீட்ல எப்படி உட்கார்ந்து சாப்பிடறதுன்னு யோசிச்சேன். ஒண்ணும் தோணல. அப்படியே விட்டுட்டேன்.”

காலையில் முற்றத்தில் கேட்ட அதே வார்த்தை. அப்போது வதாத் அதை டாக்டரின் சாவு தந்த மரமரப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடம் வேலை பார்த்தவள், தவறாகப் படித்துவிட்டாள். அந்த மனிதன் ஒரு வாரமாகச் சிறைக்குப் போகத் தயாராக உட்கார்ந்திருந்தான், மனைவி வெட்கப்படக்கூடாது என்பதற்காக. ரிந்தலாவோ, பொய்யன் என்று முடிவு செய்தபிறகும் அவனுக்காக மலையேறியிருந்தாள். வதாத்துக்குப் பொறாமையாக இருந்தது. அப்பட்டமான, அற்பமான பொறாமை. பதினான்கு மாதத்தில் அவளுக்குள் எழுந்த முதல் உணர்ச்சி அதுதான் என்பது அவளுக்கே விளங்கியபோது, சட்டென்று நோட்டைத் திறந்து பேனாவை எடுத்துக்கொண்டாள்.

“எழுதிடலாம்,” என்றாள். “அம்மா, நீங்க உங்க வாயால சொல்லுங்க. அப்படியே எழுதறேன். கையெழுத்துப் போட்டு நாளைக்கு நீங்களே ஜட்ஜ்கிட்ட கொடுங்க. அபராதம் போடுவார், திட்டுவார். கேஸே போட்டாலும் உங்க மேலதான் போடுவார், உங்க புருஷன் மேல இல்ல.”

ரிந்தலா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். எந்தத் தேதியில் போனாள், எந்தக் கடையில் நாடா வாங்கினாள், எத்தனை மரம். வதாத் எழுதினாள்.

“காரணம்?”

“என் புருஷன் சொன்னதை நான் நம்பல.”

பேனா ஒரு நொடி நின்றது. “மேல இருந்ததை ஏன் பார்க்கலைன்னும் கேப்பார்.”

“அங்க பனி அவ்வளவு உயரம் நிக்கும்னு எனக்குத் தெரியாது. நான் பனிக்காலத்துல அங்க போனதே இல்ல.” வதாத் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள். “எட்டு வருஷமா ஒவ்வொரு ஜனவரியும் வா வான்னு கூப்பிட்டார். குளிருது, அடுப்புல வேலை இருக்குன்னு சொல்லிட்டேன். இதையும் எழுதிக்கிடுங்க.”

வதாத் எழுதி முடித்தாள். ரிந்தலா கையெழுத்துப் போட்டாள். மேலே உள்ள பதினான்கு நாடாவும் தான் கட்டியவை என்று அதற்குக் கீழே ஸிம்ஆன் கையெழுத்துப் போட்டான்.  இருவரும் ஒருவரையொருவர் தொடவில்லை.

ஸர்கீஸ் தொண்டையைச் செருமினான். “நாளைக்கு ஜட்ஜ் பார்த்து முடிச்சதும் அந்தக் கீழ் நாடா ஒன்பதையும் நான் போய் அவுத்துட்டு வந்துடறேன் அண்ணே. எனக்கும் உடம்பு இளைக்கும்.”

“வேண்டாம்,” என்றான் ஸிம்ஆன்.

“ஏன் அண்ணே? அது தப்பான உயரத்துல இருக்கே. பார்க்கும்போதெல்லாம் உறுத்தாதா?”

“இருக்கட்டும். அதுவும் எனக்காகக் கட்டினதுதானே.”

ரிந்தலா பாதி சுருட்டிய இலையை மறுபடி கையில் எடுத்தாள். சுருட்ட முடியவில்லை. பிப்ரவரியிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அந்த இலையைப் பிடித்துக்கொண்டே குலுங்கிக் குலுங்கி அழுதாள்.